வீரசிங்கத்தின் வாசலில் இரண்டு பலகை

786
பதுளை
27.5.84

தம்பி வீரசிங்கம்,

சுகம் விசாரிப்பை அடுத்த கடதாசிக்கு வைத்துக்கொள்வோம். விஷயம் அவசரம்.

நேற்று உன் தங்கச்சி தனலெட்சுமி கடைக்கு வந்தாள். சனிக்கிழமையானால் போஞ்சி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, "நானா, நிறுவையில கை வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறவள், வெறுங்கையோடு வந்து படியில் உட்கார்ந்தாள். பிறகு இடுப்பிலிருந்து அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடதாசியை எடுத்து நீட்டினாள். அவளுடைய விசாவை இனி நீட்ட மாட்டார்களாம். வருஷம் முடிவதற்குள் கப்பலுக்குப் பேர் வரும், வந்தால் இந்தியாவுக்குப் போக வேண்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான். அந்தக் காலத்தில் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது, அவள் புருஷன் முருகையா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தான். நீ இலங்கைக்கு எழுதினாய். தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து அறையில் பிறந்தவர்கள் நீங்கள், நீ இந்தப் பக்கம் விழுந்தாய், அவள் புருஷனோடு அந்தப் பக்கம் விழுந்தாள். முருகையா மரத்திலிருந்து விழுந்து மௌத்தாகி எட்டு வருஷம். மனிசன் போய்விட்டான், அவன் வைத்த கையெழுத்து மட்டும் போகவில்லை.

இந்தியாவில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? முருகையாவின் பாட்டன் பிறந்த ஊரின் பேர் அவளுக்குக் கொடுத்த இந்திய பாஸ்போர்ட்டில் இங்கிலீஷில் போட்டிருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டிய எனக்கு அது எந்தத் திசை என்று தெரியாது.

நீ அங்கே பத்து வருஷமாக இருக்கிறாய், அந்த நாட்டுப் பிரஜையும் ஆகிவிட்டாய். அவளை அங்கே எடுக்க வழி உண்டா? "பார்ப்போம்" என்று எழுதாதே. உண்டு, அல்லது இல்லை. நான் யாவாரி, இரண்டில் ஒன்று தெரிந்தால்தான் அடுத்த காரியம் பார்ப்பேன்.

பலீல்


கனடா
12.6.84

பலீல் நானா அவர்களுக்கு,

வீரசிங்கம் வணக்கத்தோட எழுதுறது. முருகன் புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். நீங்க கேட்ட மாதிரி "உண்டு"ன்னு எழுதவும் முடியல, "இல்லை"ன்னு எழுதவும் கை வரல. கோவிக்காம கடைசி வரைக்கும் வாசிங்க.

இங்க சட்டப்படி பொஞ்சாதிய எடுக்கலாம், பிள்ளைய எடுக்கலாம், அம்மா அப்பாவ எடுக்கலாம். கூடப் பொறந்தவங்கள எடுக்க முடியாது. ஆனா போன வருஷக் கலவரத்துக்கு அப்புறம் நம்ம நாட்டு ஆளுகளுக்கு ஒரு விசேஷ ஏற்பாடு வச்சிருக்காங்க. மந்திரி மனசு வச்சா தனியா ஒரு அனுமதி குடுக்கலாமாம். அதுக்கு இந்தத் தொகுதி எம்.பி. மந்திரிக்கு எழுதணும்.

அதனால எம்.பி.யப் போய்ப் பாத்தேன். பேரு மெக்கின்டயர். ஆணி, சுத்தியல் விக்கிற கடைக்கு மேல ஒரு சின்னக் கந்தோர், அதுதான் அவரு ஆபீஸ். வாசல்ல ஒரு காவக்காரன் இல்ல, நானா. நான் தொப்பியக் கழட்டிட்டு நின்னேன். அவர் நாற்காலிய இழுத்துப் போட்டு, "உட்காருங்க சேர்"ன்னார். நம்ம தோட்டத்துல துரை எதிர்ல வந்தா அப்பா ரோட்டோரத் தண்ணிக் கான்ல எறங்கி நிப்பார், அதுதான் ஞாபகம் வந்துச்சு. தங்கச்சி பேர எழுத்து எழுத்தா கேட்டு அவரே எழுதினார். "என்னால முடிஞ்சத செய்றேன்"ன்னு கை குடுத்தார்.

இந்த ஊரு எப்படின்னு முந்தி ஒரு தடவ கேட்டிருந்தீங்க. தொகுதியில பாதி வெலிமட, மீதி கொழும்புக்கு வெளிப்பக்கம், அப்படி நெனச்சுக்கங்க. வடக்க உருளைக்கிழங்கு, சோளம், மாடு. நான் டிரக்டர் திருத்துறது அந்தப் பக்கம். தெக்க டொரண்டோவுக்கு வேலைக்குப் போற ஆளுக இருக்கிற புது வீடுக, லயம் மாதிரியே வரிசையா ஒரே அச்சு. ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் புல்லுத்தரை இருக்கு, அதுதான் வித்தியாசம். அதுல ஒரு சின்ன வீடுதான் என்னோடது.

தனத்துக்கிட்ட தைரியமா இருக்கச் சொல்லுங்க.

வீரசிங்கம்


786
பதுளை
30.6.84

தம்பி,

கடதாசியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த மக்குண்டயர் தொரைக்கு எத்தன புள்ளைங்க?" என்றாள். எனக்கெப்படித் தெரியும். அடுத்த கடதாசியில் எழுது, இல்லாவிட்டால் விடமாட்டாள்.

அவள் வளர்க்கிற பால்மாட்டுக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று சொன்னேன், போவதானாலும் இருப்பதானாலும். "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். "ஒங்களுக்கா? நாளைக்கே கசாப்புக் கடையில தொங்கும்" என்றாள். கடை முழுக்க சிரித்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் துணிப் பொட்டணியைச் சுமந்துகொண்டு உங்கள் லயத்துக்கு ஏறி வந்த காலத்திலிருந்து இவளுடைய வாய் இப்படித்தான்.

எம்.பி.யின் கடதாசியைச் சீக்கிரம் எடு. கையில் ஏதாவது ஒரு தாள் இருந்தால் கச்சேரியில் நின்று பேச முடியும். இப்போதைக்கு அவளை யாரும் தேடவில்லை. விசா முடிந்தவர்கள் எத்தனையோ பேர் லயங்களில் இருக்கிறார்கள், தேடாத வரை இருக்கலாம். சத்தம் போடாமல் இருப்பதுதான் வேலை. அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

பலீல்


கனடா
16.7.84

நானா அவர்களுக்கு,

ஒரு தடங்கல். இங்க பாராளுமன்றத்தக் கலைச்சுட்டாங்க. செப்டெம்பர் நாலாம் தேதி எலெக்ஷன்.

மெக்கின்டயர் கந்தோருக்கு ஓடினேன். தங்கச்சிக்கான கடதாசி டைப் அடிச்சு மேசையில இருக்கு, என் கண்ணால பாத்தேன். கையெழுத்து வைக்கல. "இப்ப அனுப்பினா யார் வாசிப்பாங்க, வீரா? மந்திரியும் வீடு வீடா வோட்டுக் கேட்டுத்தான் திரியுறார். ஜெயிச்சு வந்ததும் நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்"ன்னார். அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு.

அதனால அவருக்கு வேலை செய்றேன். பின்னேரம் பட்டறையில இருந்து நேரா போயி, கதவு கதவா தட்டி நோட்டீஸ் குடுக்கிறேன். அவரு கட்சிக்கு சிவப்பு. எதுத்துக் கேக்கிறது ஹோல்ட்னு ஒரு அம்மா, பள்ளிக்கூட டீச்சரா இருந்தவங்க, அவங்க கட்சி நீலம். இங்க சுவர்ல ஒட்டுறதில்ல, ரோட்டுக்குக் குறுக்கால கொடி கட்டுறதில்ல. யாருக்குப் போடுறோமோ அவர் பேர் எழுதின பலகைய அவங்கவங்க வீட்டுப் புல்லுல நட்டு வைக்கிறாங்க. என் வீட்டுலயும் நட்டாச்சு. மெக்கின்டயரே வந்து என் தோள்ல கை போட்டுக்கிட்டுப் படம் எடுத்தார். அந்தப் படம் இதோட வருது, தங்கச்சிக்குக் குடுங்க.

நானா, ஒண்ணு சொல்லணும். எனக்கு வயசு நாப்பத்தி மூணு. அப்பா எந்தக் காலத்துலயும் வோட்டுப் போட்டதில்ல. நாட்டுக்குச் சொந்தம்னு எழுதிக் குடுத்தும் எனக்கு அங்க போட வாய்க்கல. இந்த செப்டெம்பர்லதான் மொதல் தடவ போடப் போறேன். போற வாசல்லயெல்லாம் இதச் சொல்லணும்னு இருக்கு. சொல்றதில்ல.

அவருக்கு மூணு புள்ளைங்க. தங்கச்சிக்கிட்ட சொல்லுங்க.

வீரசிங்கம்


786
பதுளை
2.8.84

தம்பி,

படம் கிடைத்தது. தனலெட்சுமி அதை மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இப்போது தோட்டம் முழுக்க ஒரே கதை, வீரசிங்கம் கனடாவில் எலெக்ஷன் கேட்கிறான் என்று. அந்த வெள்ளைக்காரர்தான் கேட்கிறார், இவன் அவருக்குக் கூலியில்லாமல் நோட்டீஸ் கொடுக்கிறான் என்று நான் சொன்னால், எனக்குப் பொறாமையாம். உங்கள் கங்காணி என்னிடமே வந்து, "நம்ம ஆளு ஜெயிச்சா ரோடு போட்டுத் தருவாரா முதலாளி?" என்று கேட்டான்.

விளையாட்டு இருக்கட்டும். உன் கடதாசியில் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு பலகைதான் நட்டிருக்கிறாய்.

பதுளையில் யாவாரம் செய்கிறவன் எலெக்ஷனுக்கு எப்படி நிற்பான் என்று உனக்கு மறந்துவிட்டதா? என் கடையில் பச்சைக் கட்சிக் கடதாசியும் இருக்கும், நீலமும் இருக்கும். பச்சைக்காரன் வந்தால் அவனுக்குத் தேத்தண்ணி, நீலக்காரன் வந்தால் அவனுக்கும் தேத்தண்ணி. இரண்டு பேருடைய மேடைக்கும் பலகை கொடுப்பேன், வாழைக்குலை கொடுப்பேன். எழுபத்தேழில் வெற்றி ஊர்வலம் பஸார் வீதியில் எப்படி வந்தது என்று நீ பார்க்கவில்லை. பக்கத்துக் கடை வீராப்பாக ஒரே நிறத்தைத் தொங்கவிட்டிருந்தது, அது தோற்ற நிறம். கதவுப் பலகை ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் கடையில் ஒருவன் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போனான்.

உன் மெக்கின்டயர் நல்லவர்தான், சரி. அவர் தோற்றால்? அந்த ஹோல்ட் அம்மாவிடம் எந்த முகத்தோடு போவாய்? உன் தங்கச்சியின் காரியம் ஜெயிக்கிறவர் கையில்தான் இருக்கிறது, அது யார் கையாக இருந்தால் உனக்கென்ன? நீலப் பலகையையும் வாங்கி நடு. புல்லு இரண்டையும் தாங்கும்.

பலீல்


கனடா
14.8.84

நானா அவர்களுக்கு,

கோவிக்காதீங்க. இந்த ஊருல அப்படிச் செய்ய முடியாது. இங்க தோத்தவன் கடைய யாரும் ஒடைக்கிறதில்ல. அடுத்த வீட்டுக்காரன் நீலம், நான் சிவப்பு, சாயங்காலம் அவன் புல்லு வெட்டுற மெசின நான்தான் திருத்திக் குடுத்தேன். ஒரு வாசல்ல ரெண்டு பலகை நட்டா, மனுசன்னு மதிக்க மாட்டாங்க.

வடக்க கிழங்குத் தோட்டப் பக்கம் போயிருந்தேன். ஒரு கிழவர் டிரக்டருக்கு அடியில படுத்திருந்தார். நோட்டீஸ நீட்டினேன்.

"மெக்கின்டயரா? அவன் அப்பனுக்கும் போட்டேன், அவனுக்கும் போட்டேன். இந்தத் தடவ போதும்"னார்.

"ஏன் சேர்?"

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது. போதும். அந்த ஸ்பேனர எடு."

எடுத்துக் குடுத்தேன். டிரக்டர சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். "நீ நல்ல வேலக்காரன். உனக்குன்னா வோட்டுப் போடுவேன்"னார். சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன், ஆனா வழி முழுக்க அப்படித்தான் நானா. தெக்குப் பக்கம் புது வீடுகள்லயும் இதே பேச்சு. "மாத்தம் வேணும்." யாருக்கும் மெக்கின்டயர் மேல கோவம் இல்ல. கோவம் இருந்தா பேசித் தீத்துடலாம். பேப்பர்காரன் நீலம் அலையா வருதுன்னு எழுதுறான்.

அந்தக் கடதாசி இன்னும் அவரு மேசையிலதான் இருக்கு. ஒவ்வொரு நாளும் அதப் பாத்துட்டு வர்றேன்.

வீரசிங்கம்


786
பதுளை
26.8.84

தம்பி,

இதை வாசிக்கும்போது உட்கார்ந்துகொள். யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை உன் தங்கச்சி மாரியம்மன் கோயிலில் பூசை வைத்தாள். மெக்கின்டயர் ஜெயிக்க வேண்டும் என்று. லயத்துப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். எந்த நாட்டிலும் வோட்டு இல்லாத ஜனம், கனடாக்காரருக்குத் தேங்காய் உடைத்திருக்கிறது. அதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். படத்தில் நீ வாசலில் சிவப்புப் பலகை வைத்திருக்கிறாய் அல்லவா? அண்ணன் அங்கே வைத்தால் தங்கச்சி இங்கே வைக்க வேண்டாமா என்று, லயத்து வாசல் முழுக்க சிவப்புக் கடதாசிக் கொடி கட்டிவிட்டாள். கடதாசியை என் கடையில்தான் வாங்கியிருக்கிறாள். நான் வெலிமடைக்குக் கிழங்கு ஏற்றப் போயிருந்தேன். கடையில் நின்றவன் கோயிலுக்கென்று நினைத்துக் கொடுத்துவிட்டான்.

போன வருஷம் கலவரத்தோடு அரசாங்கம் தடை செய்த கட்சியின் நிறம் என்ன என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் பொலிஸ் ஜீப் ஏறிவிட்டது.

ஆள் அனுப்பினார்கள், லொறியை விட்டுவிட்டு ஓடினேன். சார்ஜன் உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பலகை இங்கிலீஷில், நிறம் சிவப்பு, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர்.

"முதலாளி, இது எந்த நாட்டு சிவப்பு?"

"கனடா, மாத்தயா. அங்கே சிவப்பு என்றால் நம் பச்சை மாதிரி. பணக்காரர்களும் இருக்கிற கட்சி."

"இந்தப் பெண்ணுக்கு இங்கேயே வோட்டு இல்லை. கனடா எலெக்ஷனில் இவளுக்கு என்ன வேலை?"

சார்ஜன் கெட்டவர் இல்லை. கொடியை அவிழ்க்கச் சொன்னார், எரிக்கச் சொன்னார், படத்தைத் திருப்பிக் கொடுத்தார். தனலெட்சுமி அழவில்லை, "அது சாமிக்குக் கட்டினது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஜீப்பில் ஏறுமுன், எழுதிக்கொள்ள வேண்டுமே என்பதற்காக, "பெயர் என்ன, கடதாசி என்ன இருக்கிறது, காட்டு" என்றார். பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். அவர் விசாத் தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

யாரும் தேடாமல் இருந்தவளை இப்போது தேடியாகிவிட்டது. நாளை கச்சேரிக்குப் போகிறேன். எம்.பி.யின் கடதாசியில் கையெழுத்து வாங்கு. எலெக்ஷனுக்குக் காத்திருக்காதே.

பலீல்


கனடா
6.9.84

நானா அவர்களுக்கு,

எப்படி எழுதுறதுன்னு தெரியல. பலகை விஷயத்துல நீங்க சொன்னபடி செஞ்சேன்.

எலெக்ஷனுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால, எந்த வீட்டுக் கதவத் தட்டினாலும் நீலம். அவரு தோத்துட்டா தனத்தோட காரியம் அந்த மேசையிலேயே கெடந்து போகும். நீங்க எழுதினத திரும்பத் திரும்ப வாசிச்சேன். ஜெயிக்கிறவர் கை யாரோடதா இருந்தா என்ன. ஹோல்ட் அம்மா கந்தோருக்குப் போயி, "பலகை வேணும்"ன்னு வாங்கிட்டு வந்தேன். சிவப்புக்குப் பக்கத்துலயே நட்டேன். மனசுல உங்க கடைதான் இருந்துச்சு.

காலையில அடுத்த வீட்டுக்காரன் காரை நிறுத்திப் பாத்துட்டு, கைதட்டிச் சிரிச்சுட்டுப் போனான். மத்தியானம் மெக்கின்டயர் கந்தோர்ல வேலை செய்ற வயசான அம்மா வந்தாங்க. சண்ட போடுவாங்கன்னு பாத்தேன். சிவப்புப் பலகையப் பிடுங்கி, அதோட காலுல ஒட்டின மண்ண உதறி, காருக்குப் பின்னால வச்சாங்க. "இதுவரைக்கும் செஞ்ச வேலைக்கு நன்றி, வீரா"ன்னாங்க. அடிச்சிருந்தா தேவல.

போன செவ்வாக்கெழம மெக்கின்டயர் தோத்தார். கொஞ்சநஞ்சமா இல்ல, தொகுதியே கவுந்துருச்சு. மறுநா நான் போனேன், போகாம இருக்க முடியல. பொட்டியில கடதாசியெல்லாம் அடுக்கிக்கிட்டிருந்தாங்க. அவரு என்னைப் பாத்துக் கை குடுத்தார், பழைய மாதிரிதான். தங்கச்சி கடதாசியக் கேட்டேன். "வீரா, நேத்தைக்கே நான் யாரும் இல்ல. என் கையெழுத்துக்கு இப்ப விலை கிடையாது. ஃபைல புது மெம்பருக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன்"ன்னார். அப்புறம் ஜன்னலப் பாத்துக்கிட்டே, "போன வாரம் நீ வந்து இப்பவே வையுங்கன்னு கேட்டிருந்தா வச்சிருப்பேன்"ன்னார். பலகையப் பத்தி அவரு பேசல. நானும் பேசல. நான் ஏன் போன வாரம் போகலன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பலகை நட்ட முகத்த வச்சிக்கிட்டு எப்படிப் போவேன்.

பலகையப் பத்தி எழுதினதுக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் உங்க கடதாசி ஒண்ணும் வரல. அங்க எல்லாரும் சுகம்தானே?

நான் வோட்டுப் போட்டேன். மெக்கின்டயருக்குத்தான் போட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

வீரசிங்கம்


786
பதுளை
8.10.84

தம்பி,

கொடி விஷயம் தெரிந்ததும் நீ அடித்த தந்தி வந்தது. "பயணத்தை நிறுத்துங்கள்" என்று இரண்டே சொல். அந்தத் தந்தியையே கையில் பிடித்துக்கொண்டு கச்சேரிக்கு ஏறினேன். யார் அனுப்பியது என்றார்கள். அண்ணன் என்றேன். அண்ணன் கனடா அரசாங்கமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கு இந்த ஊரில் கதவு திறக்காத கந்தோர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கதவும் திறந்தது, உட்காரச் சொன்னார்கள், தேத்தண்ணி தந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

தனலெட்சுமி போய்விட்டாள். போன செவ்வாய்க்கிழமை காலை ரயிலில்.

லயத்து ஆட்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குக்கூடப் போகாமல். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், அம்மிக்கல். அம்மிக்கல் எதற்கு என்று கேட்டேன். "அங்க இருக்குமோ என்னமோ" என்றாள். மாட்டைக் கடைசியில் எனக்குத்தான் விட்டாள். பக்கத்துக் காம்பரா ராசம்மா கேட்டும் கொடுக்கவில்லை, அவள் பாலில் தண்ணி ஊற்றுவாளாம். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கப் பார்த்தாள், எட்டவில்லை. தோளில் வைத்து வாங்கினாள். "கசாப்புக்குப் போகாது" என்று ஸ்டேஷன் நடுவில் நின்று நான் சத்தியம் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ரயில் வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஏறி உட்கார்ந்துதான் கேட்டாள். "அண்ணன் ஜெயிச்சிருச்சா நானா?" உன் கடதாசி வந்து பத்து நாளாகியிருந்தது. அவளுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. "எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "பெரிய நாடுல்ல" என்றாள்.

மடியிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினாள். வழியில் யாராவது சோதித்தால் வம்பு என்று, கத்தரிக்கோலால் சிவப்புப் பலகையை வெட்டி எடுத்துவிட்டாள். மெக்கின்டயர் பலகைப் பக்கம் நின்றதால் அவரும் அதோடு போய்விட்டார். இப்போது படத்தில் நீ மட்டும்தான். உன் தோளில் அவருடைய கை இருக்கிறது.

பலகை விஷயத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். நானும் எழுதப் போவதில்லை. என் யோசனை பஸார் வீதியில் செல்லுபடியாகிற காசு, அதை உனக்குக் கப்பலேற்றினேன். நீ அனுப்பிய படமும் அப்படித்தான் இங்கே வந்தது. யாரை யார் குறை சொல்வது.

பலீல்


கனடா
12.11.84

நானா அவர்களுக்கு,

ஹோல்ட் அம்மா எழுதிட்டாங்க. உண்மையிலேயே எழுதிட்டாங்க. புதுக் கந்தோர்ல டெலிபோன்கூட இன்னும் பூட்டல, தரையில உக்காந்து என் ஃபைல வாசிச்சாங்க. "ரெண்டு பலகை வச்சவர் நீங்கதானே?"ன்னு கேட்டாங்க. தல குனிஞ்சேன். "எங்க ஊர்ல அதுதான் மரியாதை"ன்னு சொன்னேன். அவங்களுக்கு வெளங்கல, ஆனா சிரிக்கவும் இல்ல. "எந்தப் பலகை இருந்தாலும் நீங்க இந்தத் தொகுதி ஆள்"ன்னு சொல்லி, அன்னைக்கே மந்திரிக்கு எழுதினாங்க.

பதில் வெள்ளிக்கெழம வந்துச்சு. அந்த விசேஷ ஏற்பாடு இலங்கையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தானாம். தங்கச்சி இந்தியக் குடிமகள், இந்தியாவுல இருக்காங்க, சொந்த நாட்டுல இருக்கிறவங்கள ஆபத்துல இருக்கிறவங்கன்னு எடுக்க முடியாதுன்னு மரியாதையா எழுதியிருக்காங்க. "சொந்த நாடு"ன்னு எழுதியிருக்கு நானா. ஹோல்ட் அம்மா வாசிச்சுக் காட்டிட்டு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. "ரெண்டு மாசத்துக்கு முன்னால வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சாங்க. அந்தப் பேச்ச நான் ஏற்கனவே ஒரு தடவ கேட்டுட்டேன்.

இங்க யாரும் என்னை வெரட்டல. எல்லாரும் கை குடுக்கிறாங்க. யார்கிட்ட கோவப்படுறதுன்னுதான் தெரியல.

தனத்தோட விலாசம் தெரிஞ்சா அனுப்புங்க. இங்க பனி விழ ஆரம்பிச்சாச்சு. வாசல்ல பலகை நட்ட ஓட்ட இன்னும் ரெண்டும் இருக்கு, மண்ணு எறுகிப் போச்சு, மூட முடியல.

வீரசிங்கம்


786
பதுளை
14.12.84

தம்பி,

தனலெட்சுமியிடமிருந்து கார்டு வந்திருக்கிறது. மண்டபம் முகாமிலிருந்து யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எழுத்து அவர்களுடையது, வாய் அவளுடையது.

கப்பலில் வாந்தியாம். அங்கே ஒரே மணலாம், செருப்புக்குள்ளும் சோற்றுக்குள்ளும் மணல். மலையைப் பார்க்காமல் கழுத்து வலிக்கிறதாம். எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊரைப் பற்றி விசாரித்தாளாம், அந்தப் பேரில் மூன்று ஊர் இருக்கிறதாம். அம்மிக்கல் பத்திரம்.

மிச்சத்தை அப்படியே எழுதுகிறேன். "நானா, இங்கயும் எலெக்ஷன் வந்திருக்கு. முகாமுக்குள்ள வந்து எங்க பேரெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. இந்தத் தடவ இல்லாட்டியும் அடுத்த தடவ எங்களுக்கும் வோட்டு உண்டாம். கையெடுத்துக் கும்பிட்டு அம்மான்னு கூப்பிட்டாங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் ஆளுக்கொரு கொடி குடுத்துட்டுப் போயிருக்காங்க. வாசல்ல எதக் கட்டுறது? பயமா இருக்கு. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும், கேட்டு எழுதுங்க."

இரண்டு நாளாகக் கார்டு கல்லாப்பெட்டிக்கு மேலேயே கிடக்கிறது. ஒன்றைக் கட்டு என்று எழுதவும் பயமாக இருக்கிறது, இரண்டையும் கட்டு என்று எழுதவும் பயமாக இருக்கிறது. எதையும் கட்டாதே என்று எழுதலாம். வாசலில் ஒன்றும் இல்லாதவளைப் பற்றி அங்கே என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருப்பது உன்னிடம். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது, நீ எழுது.

மாடு சுகம் என்று மட்டும் நான் எழுதிப் போட்டிருக்கிறேன்.

பலீல்